திரும்பிப் பார்த்தே ஓடிய வண்டி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. காலை மடக்கி உட்கார்ந்தால் பின்னால் இருக்கிற சின்னவனுக்கும் இடம் கிடைக்கும். ம், அப்படித்தான். இன்றைக்கு உங்களுக்கு ஒரு வண்டியின் கதை சொல்லப் போகிறேன். அந்த வண்டி பெட்ரோல் கேட்காது, புகை விடாது, உறுமாது. தங்கமான வண்டி. ஆனால் அதற்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. அது என்ன என்று இப்போதே நச்சரிக்கக் கூடாது. அதைக் கண்டுபிடித்தவள் ஒரு சிறுமி. அவள் வாயாலேயே அது வரட்டும்.

அவளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. பார்வையும் அப்படித்தான், எதையும் குத்திப் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

குண்டூசியின் அம்மா மீன் வளர்ப்பவர். சாப்பிடுகிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிற மீன். வீட்டின் பின்பக்க அறை முழுவதும் தொட்டிகள்தான். தரையிலிருந்து கூரை வரை தண்ணீர், தண்ணீர், தண்ணீர். அந்த அறைக்குள் யாரும் கத்தக் கூடாது, ஓடக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது. அப்பாவுக்குத் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிப் போய்த் தும்மிவிட்டு வருவார்.

அந்த அறையில் ஒரு தொட்டி குண்டூசியுடையது. முற்றுப்புள்ளி அளவில் இருந்த குஞ்சுகளைத் தானே இரை போட்டுத் தானே தண்ணீர் மாற்றி வளர்த்தாள். இப்போது அவை பட்டம் போலத் தட்டையாக, நீளமான துடுப்புகளோடு, வெள்ளியும் கறுப்புமாக மினுங்கின. எல்லா மீன்களும் இங்கும் அங்கும் பறக்கும். ஒன்று மட்டும் தொட்டியின் மூலையில் சும்மா நிற்கும். இரை போட்டால்கூட ஆடி அசைந்து கடைசியாகத்தான் வரும். அதற்கு மாமா வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் தொலைபேசி ஒலித்தது.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அங்கே குழந்தைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி. பேசியது அங்கே வேலை செய்யும் நர்ஸ் அக்கா.

"ஊசி போட்டுக்கக் காத்திருக்கிற கூடத்துல பெரிய தொட்டி வச்சிருக்கோம். தண்ணி ஊத்தியாச்சு. கல்லு போட்டாச்சு. மீன் மட்டும் இல்ல. தினமும் பசங்க வந்து, 'மீன் எங்க, மீன் எங்க'ன்னு கேக்குறாங்க. பேசாம நானே உள்ள இறங்கி நீந்திடலாமான்னு இருக்கு!"

அம்மா சிரித்துவிட்டார். எந்த மீனைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே அறைக்குள் வந்தார். குண்டூசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா, என் மீனை எல்லாம் குடுத்துடலாம்."

"எல்லாத்தையுமா? தூங்குமூஞ்சியையும் சேத்தா?"

குண்டூசி தொட்டியைப் பார்த்தாள். மூலையில் நின்ற தூங்குமூஞ்சிக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "ஊசிக்கு உக்காந்திருக்கிறவங்களுக்கு அதுதான் நல்லா இருக்கும். அதைப் பாத்தா பயமே வராது. ஆனா உயிரோட போய்ச் சேரணும்மா. ஒண்ணுகூடச் சாகக் கூடாது."

"அது என் பொறுப்பு" என்றார் அம்மா.

எப்போதும் மீன் ஏற்றிப் போகும் வேன் அந்த வாரம் வேறு ஊருக்குப் போயிருந்தது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று வந்து நின்றார் மாமா. அம்மாவின் தம்பி. பக்கத்துத் தெருவில்தான் வீடு. போன மாதம்தான் ஒரு மின்சார கார் வாங்கியிருந்தார். யாரோ ஓட்டிய பழைய கார்தான். ஆனால் மாமா அதைத் துடைக்கிற துடைப்பில் பெயிண்ட் தேய்ந்துவிடும் போலிருந்தது.

அப்பாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே கிண்டல். "மலை ஏறுமா இந்தப் பொம்மை வண்டி? பாதி வழியில நின்னுட்டா போன் பண்ணு. கயிறு எடுத்துட்டு வர்றேன், கட்டி இழுத்துட்டு வந்துடலாம்."

"பாருங்க மச்சான், பாருங்க" என்றார் மாமா. அவர் காது மட்டும் சிவந்துவிட்டது.

மீனைப் பையில் கட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதல் நாளே இரையை நிறுத்திவிடுவார்கள், பைக்குள் தண்ணீர் அழுக்காகக் கூடாதே. மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சமாகத் தண்ணீர். அதில் மீன். மீதி இடம் முழுக்க ஆக்சிஜன். உருளையிலிருந்து 'உஸ்' என்று நிரப்பி, வாயை முறுக்கி, ரப்பர் பட்டையால் இறுக்கினால் பை பலூன் மாதிரி உப்பி நிற்கும். பிறகு வெப்பம் போகாமல் காக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்கி, மேலே கறுப்புத் துணியைப் போர்த்தி, மூடிவிட வேண்டும்.

"கறுப்புத் துணி எதுக்கு அக்கா? அதுங்களுக்கு வெக்கமா?" என்று கேட்டார் மாமா.

"வெளிச்சம் பட்டா பதறும். பதறுனா ஓடும். ஓடுனா மூச்சு வாங்கும். இந்தப் பையில இருக்கிற காத்து மதியம் வரைக்கும்தான் வரும். இருட்டுல அமைதியா இருந்தா அது போதும். பதறுனா போதாது."

பெட்டிகளோடு, புதுத் தொட்டித் தண்ணீரில் கலக்க, மீன்களுக்குப் பழகிய தண்ணீரையும் கேன் கேனாக ஏற்றினார்கள். கார் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. மாமா ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம்தான் இருந்தது. அதில் குண்டூசியைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது.

காரின் நடுவில் ஒரு சின்னத் திரை. அதில் ஓர் எண். மாமா பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"பாத்தியா குண்டூசி? நூத்தி எண்பது. இன்னும் நூத்தி எண்பது கிலோமீட்டர் ஓடுவேன்னு வண்டியே சொல்லுது. ஆஸ்பத்திரி நூறு கிலோமீட்டர்தான். போயிட்டு, அங்க சார்ஜ் போட்டுட்டு, டீ குடிச்சிட்டு, சிரிச்சுக்கிட்டே வந்துடலாம்."

ஊரைத் தாண்டினார்கள். பெரிய சாலை வந்தது. வெளியே பனி. மாமா ஹீட்டரை முழு வேகத்தில் திருகிவிட்டார். மீன்களுக்குக் குளிரக் கூடாதாம். சாலை காலியாக இருந்தது. காரும் காற்றாய்ப் பறந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமா திரையைப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது.

"என்னடா இது? நாப்பது கிலோமீட்டர்தானே வந்திருக்கோம்? அறுபத்தஞ்சு குறைஞ்சிருக்கு!"

"எங்கயாவது ஓட்டையா?" என்றார் அம்மா.

"கரண்ட் என்ன தண்ணியா அக்கா, ஓட்டையில ஒழுக?"

மலைச்சாலை தொடங்கியது. அங்கேதான் வந்தது வினை. கார் ஒவ்வொரு வளைவாக மேலே ஏற, எண் படியிறங்குகிற மாதிரி மளமளவென்று கீழே போனது. நூற்றுப் பத்து. நூறு. தொண்ணூறு.

மாமா வியர்த்தார். அவ்வளவு குளிரிலும் வியர்த்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் வேகமாக மிதித்தார்.

"ஏன்டா இப்படி விரட்டுற?"

"சார்ஜ் தீர்றதுக்குள்ள போய்ச் சேந்துடணும்ல அக்கா!"

குண்டூசிக்கு நடு இருக்கை. திரை நேராகக் கண்ணில் பட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் ஒரு பால் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. மாமாவால் தாண்ட முடியவில்லை. "நகரு தாயே, நகரு" என்று புலம்பிக்கொண்டே பின்னால் ஓட்டினார். அந்த நேரம் முழுக்க எண் சோம்பலாகத்தான் குறைந்தது. சாலை கொஞ்சம் அகலமானதும் மாமா ஹாரனை அழுத்திக்கொண்டு லாரியைத் தாண்டிப் பாய்ந்தார். எண் தடதடவென்று விழுந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஓர் இடத்தில் சாலை சின்னப் பள்ளமாகக் கீழே இறங்கி மறுபடி ஏறியது. அந்த இறக்கத்தில் மாமா காலை எடுத்தார். கார் மெல்ல 'ம்ம்ம்' என்று முனகியது. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. எண் அறுபத்து மூன்றிலிருந்து அறுபத்து ஐந்தாக ஏறியது.

"மாமா! கூடுச்சு!"

"குண்டூசி, விளையாடுற நேரமா இது? எங்கயாவது தானா கூடுமா?"

அவர் திரையைப் பார்த்தபோது அடுத்த ஏற்றம் வந்துவிட்டது. எண் அறுபது.

கடைசியில் ஒரு வளைவின் ஓரத்தில், காரை நிறுத்தியே விட்டார். திரையில் முப்பத்தொன்று. சாலையோரப் பலகையில் ஊர் முப்பத்தைந்து கிலோமீட்டர்.

ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே மேகம் சாலையிலேயே நடந்து போனது.

"திரும்பிடலாம் அக்கா" என்றார் மாமா மெதுவாக. "அடிவாரத்துல சார்ஜ் போடுற இடம் ஒண்ணு இருக்கு. அங்க போய்ப் போட்டுட்டு மறுபடியும் ஏறலாம்."

"அதுக்குள்ள மதியம் தாண்டிடும்டா. பையில காத்து இருக்காது."

"மேல போனா முப்பத்தொண்ணுல வண்டி நின்னுடும். நடுக்காட்டுல குளிர்ல நின்னா அப்பவும் மீன் போயிடும்."

குண்டூசி பக்கத்திலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அதற்குள்தான் தூங்குமூஞ்சி இருந்தது.

"மீனுங்க எப்படி இருக்குன்னு கொஞ்சம் பாரேன்" என்றார் மாமா.

அம்மா திரும்பி, மூடியை லேசாகத் தூக்கி, கறுப்புத் துணியை விலக்கினார். வெளிச்சம் விழுந்ததுதான் தாமதம். பைக்குள் மீன்கள் படபடவென்று மோதிக்கொண்டன. ஒன்றன் மேல் ஒன்று ஏறின. தூங்குமூஞ்சி மட்டும் அடியில் சும்மா நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

"மூடு, மூடு" என்று அம்மா தானே சொல்லிக்கொண்டு சட்டென்று மூடினார். "பாக்கப் பாக்கப் பதறுது. பதறப் பதறக் காத்து தீரும்."

குண்டூசி பெட்டியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றாள். "நம்ம காரும் பதறுது."

"என்னது?"

"மாமா அந்த நம்பரைப் பாக்குறாரு. பாத்தா பதறுறாரு. பதறுனா வேகமா மிதிக்கிறாரு. வேகமா மிதிச்சா நம்பர் இன்னும் குறையுது. மறுபடியும் பாக்குறாரு. பால் லாரிக்குப் பின்னாடி மெதுவா வந்தப்போ குறையவே இல்ல, நான் பாத்தேன். அந்தப் பள்ளத்துல எறங்குனப்போ ரெண்டு கூடுச்சு. நிஜமாக் கூடுச்சு."

மாமா திரும்பினார். "அப்படின்னா காலையில நூத்தி எண்பதுன்னு ஏன் பொய் சொல்லுச்சு இந்த வண்டி?"

குண்டூசி யோசித்தாள். "பொய் சொல்லல மாமா. நீங்க நேத்து எங்க ஓட்டுனீங்க?"

"நம்ம ஊருக்குள்ளதான். மெதுவா. கடைத்தெருவுல அதுக்கு மேல போக முடியுமா?"

"தனியாவா?"

"ஆமா. தனியாத்தான்."

"அதான்! நேத்து ஓட்டுன மாதிரியே இன்னைக்கும் ஓட்டுனா நூத்தி எண்பது வரும்னு நினைச்சிருக்கு. இன்னைக்கு மூணு பேரு, இவ்வளவு தண்ணி, ஹீட்டர், வேகம், மலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? இப்போ மலை ஏறுறோம்ல, கடைசி வரைக்கும் மலைதான் இருக்கும்னு நினைச்சு முப்பத்தொண்ணுன்னு சொல்லுது. அதுக்கு முன்னாடி இருக்கிற ரோடு தெரியாது மாமா. வந்த ரோட்டைத் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் அது கணக்குப் போடுது."

அந்த விசித்திரப் பழக்கம் என்ன என்று கேட்டீர்களே, கண்ணுகளா. இதுதான் அது.

மாமா வாயைத் திறந்தார். மூடினார். பார்ப்பதற்குத் தூங்குமூஞ்சி மாதிரியே இருந்தது.

"சரி, அதுக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரியுமா? இன்னும் எவ்வளவு ஏத்தம் இருக்குன்னு?"

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். பால் லாரி புஸ் புஸ் என்று வளைவில் ஏறி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் ஒரு பெண். சிவப்புச் சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார்.

"யாருடா இதுன்னு பாத்தேன். அப்போ ஹாரன் அடிச்சுக்கிட்டு என்னைத் தாண்டிப் பறந்தீங்களே, அந்த அவசரக்காரர்தானா? என்ன, இறக்கை உடைஞ்சு போச்சா?"

மாமா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இன்னும் எவ்வளவு தூரங்க?"

"பலகையிலதான் போட்டிருக்கே. முப்பத்தஞ்சு."

மாமாவின் முகம் மறுபடி தொங்கியது. குண்டூசி இருக்கைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டினாள்.

"அத்தை, அதுல ஏத்தம் எவ்வளவு?"

"ஏத்தமா?" ஓட்டுநர் கையை நீட்டி மேகத்துக்குள் காட்டினார். "அந்தா, ஒரு செல்போன் டவர் தெரியுதா? அதோட சரி. நாலஞ்சு வளைவு. அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எறக்கம்தான். நான் பிரேக்கைத் தேச்சுக்கிட்டே போவேன்."

காருக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"போயிடலாம்" என்றார் அம்மா.

"போயிடலாமா?" என்றார் மாமா.

"பதறாம போனா போயிடலாம்" என்றாள் குண்டூசி. "முதல்ல ஹீட்டரை நிறுத்துங்க மாமா."

"மீனுக்குக் குளிருமே!"

"பெட்டியைத் திறக்காம இருந்தா உள்ள சூடு அப்படியே இருக்கும்" என்றார் அம்மா. "சூட்டை வெளிய விட்டதே நாமதான்."

குண்டூசி தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி ஒரு பெட்டியின் மேல் போர்த்தினாள். அம்மா தன் சால்வையை இன்னொரு பெட்டிக்குக் கொடுத்தார்.

"நீ நடுங்குவியேடி" என்றார் மாமா.

"பரவால்ல. எனக்குக் குளிர்னா இங்கயே குதிச்சுச் சூடாயிடுவேன். மீன்தான் குதிக்கக் கூடாது."

அப்புறம் தலையிலிருந்த கம்பளித் தொப்பியையும் எடுத்தாள். "அம்மா, இதை அந்தத் திரை மேல மாட்டுங்க."

"எதுக்கு?"

"மாமாவுக்குக் கறுப்புத் துணி."

லாரி ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் லாரிக்குள் பால் கேன்களே குலுங்கியிருக்கும். "சரியான ஆளுதான்! கிளம்புங்க. என் பின்னாலயே வாங்க. தாண்டுனீங்க, அப்புறம் நான் பேசவே மாட்டேன்."

மஞ்சள் தொப்பி திரையை மூடிக்கொண்டது. உச்சியிலிருந்த குஞ்சம் மட்டும் ஆடியது. மாமா பழக்கதோஷத்தில் திரையைப் பார்ப்பார். குஞ்சம்தான் தெரியும். பெருமூச்சு விட்டுச் சாலையைப் பார்ப்பார்.

லாரி ஊர்ந்தது. காரும் ஊர்ந்தது. முதல் வளைவு. அடுத்த வளைவு. ஹீட்டர் இல்லாததால் மூச்சுக்காற்று புகையாக வந்தது. குண்டூசியின் பல் கிட்டியது. ஆனால் அவள் கை பெட்டியின் மேல் இருந்தது. உள்ளே சலசலப்பு இல்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

"ரோட்டைப் பாருடா."

"நின்னுடுச்சுன்னா மச்சான் கயிறோட வந்துடுவாரு அக்கா. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

"ரோட்டைப் பாருன்னா!"

டவர் வந்தது. டவர் தாண்டியது. திடீரென்று முன்னால் வானம் மட்டும் தெரிந்தது. மேகம் விலகி, கீழே தூரத்தில் ஊரின் கூரைகள் வெயிலில் பளபளத்தன. சாலை மெல்லத் தலை குனிந்து கீழே இறங்கத் தொடங்கியது.

மாமா காலை எடுத்தார்.

'ம்ம்ம்' என்று முனகியது கார்.

"அம்மா, இப்போ நீங்க மட்டும் பாருங்க" என்று கிசுகிசுத்தாள் குண்டூசி. "சத்தம் போடாம."

அம்மா தொப்பியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியை விட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தூக்கிப் பார்த்தார். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது முறை பார்த்துவிட்டு, வெளியே பார்த்தபடி ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா பாட்டு வேண்டிக்கிடக்கு? எவ்வளவு இருக்கு? பத்தா? அஞ்சா? சொல்லித் தொலையேன்!"

"சொல்ல மாட்டேன்."

முதல் வீடு வந்தது. ஒரு பேக்கரி வந்தது. போக்குவரத்து விளக்கு சிவப்பானது. கார் நின்றதும் அம்மா தொப்பியைப் பிடுங்கினார்.

நாற்பத்தொன்று.

மாமா கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "மலையில நின்னப்போ முப்பத்தொண்ணு. இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கேன். இப்போ நாப்பத்தொண்ணா? வழியில யாரு சார்ஜ் போட்டது?"

"மலைதான்" என்றாள் குண்டூசி. "ஏறும்போது வாங்கிக்கிட்டதுல கொஞ்சத்தை எறங்கும்போது திருப்பிக் குடுத்துடுச்சு."

மாமா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நர்ஸ் அக்கா வாசலிலேயே காத்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகள் உள்ளே வந்ததும் வரிசை கலைந்து வட்டமானது.

அம்மா கறுப்புத் துணியை எடுத்தார். ஆனால் பையை உடனே திறக்கவில்லை. உப்பிய பைகளை அப்படியே தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டார். பைக்குள் இருக்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பையிலும் வெள்ளியும் கறுப்புமாக மினுங்கின. குண்டூசி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இது நீந்துகிறது. இதுவும் நீந்துகிறது. இதுவும்.

கடைசிப் பையில், மற்ற மீன்களுக்கெல்லாம் அடியில், தூங்குமூஞ்சி சாய்ந்து கிடந்தது.

கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு சின்னப் பையன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கேட்டான், "அந்த மீனுக்கு ஊசி போட்டுட்டாங்களா? அசையவே மாட்டேங்குது?"

குண்டூசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையும் சில்லிட்டிருந்தது.

அம்மா ரப்பர் பட்டையைக் கழற்றினார். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் பைக்குள் விட்டார். காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் விட்டார். பையை மெதுவாகச் சாய்த்தார். மற்ற மீன்கள் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடின. தூங்குமூஞ்சி அங்கேயே கிடந்தது.

பிறகு வாயைத் திறந்தது. ஒரு சின்னக் குமிழி விட்டது. உடம்பை நிமிர்த்தி, நீளத் துடுப்பை ஒருமுறை உதறி, விழா மண்டபத்துக்குள் நுழையும் பெரிய மனிதர் மாதிரி நிதானமாகத் தொட்டிக்குள் வந்தது. வந்து, நேராகப் போய் ஒரு மூலையில் நின்றுகொண்டது.

"அய்ய, தூங்கிட்டுதான் இருந்துச்சு!" என்று கத்தினான் அந்தப் பையன்.

கூடமே சிரித்தது. குண்டூசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா குனிந்து அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். நர்ஸ் அக்கா அவள் குளிர்ந்த கையில் ஒரு டம்ளர் சூடான பாலைக் கொடுத்தார். பால் லாரியில் வந்த பாலோ என்னவோ, அவ்வளவு ருசி!

வாசலில் மாமா காரைச் சார்ஜில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், கயிறு எடுத்துட்டு வர்றேன்னு சொன்னீங்களே?"

"ஆமா! எங்க நிக்கிறீங்க? இதோ கிளம்புறேன்!"

"வேண்டாம், வேண்டாம். அதைக் கொல்லையில கட்டித் துணி காயப் போடுங்க. நாங்க ஆஸ்பத்திரியில பால் குடிச்சுக்கிட்டு இருக்கோம்."

சாயங்காலம் கிளம்பும்போது தண்ணீர் கேன்கள் எல்லாம் காலி. பெட்டிகளும் காலி. வண்டி லேசாகி நிமிர்ந்து நின்றது. நிறைய சார்ஜும் ஏறியிருந்தது. மாமா உட்கார்ந்து, பெல்ட் போட்டு, திரையைப் பார்த்தார். எண்ணைப் படித்தார். அப்புறம் பின்னால் கையை நீட்டினார்.

"குண்டூசி, எதுக்கும் அந்தத் தொப்பியைக் குடு."

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. தூங்குமூஞ்சி இன்னும் அந்த மூலையில்தான் நிற்கிறதாம். ஊசிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அதன் முன்னால்தான் இடம் பிடிக்கிறார்களாம். நீங்களும் எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறவர்கள் எல்லோரும் போன இடத்துக்குச் சுகமாய்ப் போய்ச் சேரட்டும். ஏறின மேடெல்லாம் அவர்களுக்கு இறக்கத்தில் திருப்பிக் கொடுக்கட்டும். பொழுது சாய்வதற்குள் வாசல் விளக்கடியில் எல்லாச் செருப்பும் ஜோடி ஜோடியாக வந்து சேரட்டும்.